ஹாஷே பெயரானால் போதுமா? ஒரு கல்யாண ஸ்டுடியோவின் 14 ஹார்ட் டிஸ்க்குகள்

3 பிப்ரவரி 2024, வாசகர் ஒருவர் கேட்டது

நீண்ட காலம் வைத்திருக்க வேண்டிய கோப்புகளுக்கு ஃபோல்டர், பெயர், தேதி என்று எதற்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்? ஒவ்வொரு கோப்பின் ஷா-256 ஹாஷையே அதன் பெயராக வைத்துவிட்டால் முடிந்தது. ஒரே கோப்பு இரண்டு தடவை சேராது, கெட்டுப்போனால் உடனே தெரியும், யாரும் மாற்ற முடியாது. ஆவணக் காப்புக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

4 பிப்ரவரி 2024

முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசியில்தான் நான் இப்போது மாட்டிக்கொண்டிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

முதலில் சரியான முக்கால்வாசி. "மூணாவது பீரோ, ரெண்டாவது தட்டு, நீல ஃபைல்" என்பது இடத்தைச் சொல்லும் முகவரி. பீரோவை நகர்த்தினால் முகவரி பொய். நீல ஃபைலுக்குள் யாரோ வேறு தாளைச் சொருகிவிட்டால் முகவரி அப்படியே இருக்கும், பொருள் மாறியிருக்கும். உள்ளடக்க முகவரி அப்படி இல்லை. கோப்பில் உள்ள பைட்டுகளைக் கணக்குப்போட்டு வருகிற எண்தான், அதாவது ஹாஷ்தான், முகவரி. ஷா-256, ஷா-1, எம்டி5 எல்லாம் அந்தக் கணக்கின் வகைகள். எங்கிருந்து எடுத்தாலும், கையில் வந்தது கேட்டதுதானா என்று அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்துவிடலாம். கொண்டுவந்து கொடுத்தவனை நம்ப வேண்டியதில்லை.

இது புது விஷயமும் இல்லை. பெல் லேப்ஸில் ஷான் குயின்லனும் ஷான் டோர்வர்டும் பிளான் 9 இயங்குதளத்துக்காக வென்டி என்று ஒரு சேமிப்பு அமைப்பைக் கட்டி 2002இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஒவ்வொரு பிளாக்குக்கும், அதாவது தரவுத் துண்டுக்கும், ஷா-1 ஹாஷ், 20 பைட். அதற்கு அவர்கள் வைத்த பெயர் "ஸ்கோர்". ஒருமுறை எழுதினால் எழுதியதுதான், அழிக்கும் கட்டளையே கிடையாது. அதே 2002இல் ஈஎம்சி நிறுவனம் சென்டெரா என்று இதே யோசனையைப் பெட்டியாகவே விற்றது. மூன்று வருஷம் கழித்து லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கிட், புரோகிராமர்கள் தங்கள் கோடின் எல்லாப் பதிப்பையும் வைத்துக்கொள்ளும் கருவி, உள்ளே இதேதான்.

என் கதை: மச்சான் திண்டுக்கல்லில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். மாமனார் ஆரம்பித்தது. டிஜிட்டல் கேமரா வந்ததிலிருந்து சேர்ந்த 14 ஹார்ட் டிஸ்க், கிட்டத்தட்ட 11 டிபி. "புது ஃபோல்டர்", "புது ஃபோல்டர் (2)", "ஃபைனல்", "ஃபைனல் ஒரிஜினல்", "இதைத் தொடாதே". பத்து வருஷம் கழித்து கஸ்டமர் வந்து "எங்க கல்யாண போட்டோ இருக்கா" என்று கேட்டால் அரை நாள் போகும். நான் சர்வர் பார்க்கிற வேலையில் இருப்பவன் என்பதால் குடும்பத்தில் இந்த வேலை என் தலையில்.

ஸ்கிரிப்ட் எழுதி ஓட விட்டிருக்கிறேன். ஹாஷே பெயர், முதல் இரண்டு எழுத்து ஃபோல்டர், ஆகவே 256 ஃபோல்டர். எந்த ஹாஷ் எந்த இடத்திலிருந்து வந்தது என்பது ஒரு எஸ்க்யூலைட் கோப்பில் (ஒரே கோப்பில் அடங்கும் சின்னத் தரவுத்தளம்).

11 பிப்ரவரி 2024

ஓடி முடிந்தது. 6,10,000 கோப்பு உள்ளே போய் 2,38,000 வெளியே வந்தது. மச்சானிடம் சொன்னபோது முதலில் "மீதி எங்கே போச்சு" என்று பதறிவிட்டார்.

அதிகத் தடவை திரும்ப வந்த போட்டோ எது என்று ஆவலாகப் பார்த்தேன். 412 பிரதி. எந்த வி.ஐ.பி. கல்யாணமோ என்று நினைத்தால் ஹாஷ் "ஈ3பி0சி442" என்று ஆரம்பிக்கிறது. இந்தத் துறையில் இருப்பவர்கள் இதற்குள் சிரித்திருப்பார்கள். பூஜ்ய பைட் கோப்பின் ஷா-256 அது. உலகத்தில் எல்லா வெற்றுக் கோப்புக்கும் அதே முகவரிதான். மெமரி கார்டிலிருந்து காப்பி ஆகும்போது பாதியில் கழன்றுபோன கோப்புகள், பெயர் மட்டும் உருவாகி உள்ளே ஒன்றுமில்லாதவை.

412 வெறும் டப்பா ஒரே டப்பாவாகச் சுருங்கியது. அழகு.

12 பிப்ரவரி 2024

நேற்று சொன்ன கணக்கில் ஒரு திருத்தம். இன்னும் நிறைய "ஒரே போட்டோ" உள்ளே இருக்கிறது. பார்க்கிற கண்ணுக்கு ஒன்று, ஹாஷுக்கு வேறு.

போட்டோவைத் திறந்து இடப்பக்கம் திருப்பி சேமித்தால் வேறு ஹாஷ். ஒரு சாஃப்ட்வேர் நட்சத்திரம் போட்டு அந்த நட்சத்திரத்தைக் கோப்புக்குள்ளேயே எழுதினால் வேறு ஹாஷ். வாட்ஸ்அப்பில் போய்வந்தால் படமே வேறு, அதைக் கேட்கவே வேண்டாம். கோப்பைச் சுருக்கும் ஜிஜிப் தன் தலைப்பில் நேரத்தை எழுதிவைக்கும், ஆகவே ஒரே கோப்பை இரண்டு நாள் சுருக்கினால் இரண்டு முகவரி வரலாம். பிடிஎஃப் உள்ளேயும் உருவாக்கிய தேதி உட்கார்ந்திருக்கும்.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்தது ஃப்ளாக் ஒலிக்கோப்பு. சுருக்குவதற்கு முன்னால் இருந்த ஒலியின் எம்டி5ஐத் தன் தலைப்பிலேயே எழுதி வைத்துக்கொள்ளும். எந்த அளவுக்குச் சுருக்கினாலும், பாடகர் பெயரை எத்தனை தடவை மாற்றினாலும், உள்ளே இருக்கும் பாட்டு அதேதானா என்று பார்த்துவிடலாம். "உள்ளடக்கம்" என்றால் எது என்று முன்கூட்டியே யோசித்தவர்கள். ஜேபெக் செய்தவர்களுக்கு இது தோன்றவில்லை.

2 மார்ச் 2024

"கோப்பு முழுவதற்கும் ஒரு ஹாஷ் போடாமல், துண்டு துண்டாக வெட்டிப் போட்டால் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம். எங்கே வெட்டுவது என்பதில்தான் சூட்சுமம்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசைக்குப் பத்துப் பேர் என்று உட்கார்ந்தாகிவிட்டது. அப்போது ஒரு சித்தப்பா வந்து முதல் வரிசையில் முதல் ஆளாக நுழைகிறார். ஒவ்வொரு வரிசையிலும் கடைசி ஆள் எழுந்து அடுத்த வரிசைக்குப் போக வேண்டும். ஒரு வரிசைகூடப் பழையபடி இருக்காது. கோப்பை எட்டு எட்டு கேபியாக வெட்டினால் இதுதான் நடக்கும். முன்னால் ஒரு பைட் நுழைந்தால் பின்னால் எல்லாத் துண்டும் புதுசு.

எண்ணிக்கையை விட்டுவிட்டு, "பட்டு வேட்டி கட்டிய ஆள் வந்தால் அவரோடு வரிசையை முறி" என்று வைத்துக்கொண்டால்? சித்தப்பா நுழைந்த வரிசை மட்டும் மாறும். அடுத்த பட்டு வேட்டியிலிருந்து எல்லாம் பழையபடி. (சித்தப்பாவே பட்டு வேட்டி என்றால் ஒரு வரிசை இரண்டாகும். பரவாயில்லை.)

பைட்டுகளில் பட்டு வேட்டியைக் கண்டுபிடிப்பதற்கு மைக்கேல் ராபின் 1981இல் கொடுத்த கைரேகைக் கணக்கு இருக்கிறது. ஜன்னலை, அதாவது ஒரு நேரத்தில் பார்க்கிற சில பைட்டுகளை, ஒவ்வொரு பைட்டாக நகர்த்திக்கொண்டே மலிவாகக் கணக்கிடலாம். 2001இல் எம்ஐடியிலிருந்து வந்த எல்பிஎஃப்எஸ், மெதுவான நெட்வொர்க்குக்கு எழுதிய கோப்பு முறைமை, இதைப் பயன்படுத்தியது. 48 பைட் ஜன்னல், கணக்கின் கடைசி 13 பிட் குறிப்பிட்ட எண்ணாக வந்தால் அங்கே வெட்டு. சராசரியாக 8 கேபிக்கு ஒரு துண்டு. இப்போது பலரும் பேக்கப்புக்கு வைத்திருக்கும் ரெஸ்டிக் இதே ராபின் வழிதான், துண்டு மட்டும் பெரியது, சராசரி 1 எம்பி. போர்க் என்ற இன்னொரு பேக்கப் கருவியும் இதே குடும்பம், ஜன்னலை நகர்த்திப் போடும் கணக்கு மட்டும் வேறு.

ஆனால் எங்கள் ஸ்டுடியோவில் போட்டுப் பார்த்தேன், பெரிய லாபம் இல்லை. ஜேபெக் ஏற்கெனவே இறுக்கிப் பிழிந்த கரும்பு. வீடியோவில் இரண்டு வினாடி வெட்டி மறுபடி ரெண்டர் போட்டால் முழுக் கோப்பும் வேறு. லாபம் வந்தது ஒரே இடத்தில்: கரிஷ்மா ஆல்பத்துக்கான (பக்கம் பக்கமாக டிசைன் போட்டு அச்சிடுவது) ஃபோட்டோஷாப் பிஎஸ்டி கோப்புகள், சுருக்காமல் சேமித்தவை. ஒரே டிசைனில் மாப்பிள்ளை பெண் மட்டும் மாறியிருந்தார்கள். மச்சான் இதை வெளியே சொல்ல வேண்டாம் என்றார். சொல்லிவிட்டேன்.

9 மார்ச் 2024

"இரண்டு வேறு போட்டோவுக்கு ஒரே ஹாஷ் வந்துவிட்டால்?"

எல்லாரும் முதலில் பயப்படுவது இதற்கு. நானும்தான். 23 பேர் இருந்தால் இருவருக்கு ஒரே பிறந்தநாள் வர பாதிக்குமேல் வாய்ப்பு என்பார்களே, அந்தக் கணக்குதான் இங்கேயும். வென்டி கட்டுரையிலேயே போட்டுப் பார்த்திருக்கிறார்கள்: ஒரு எக்ஸாபைட் தரவு, 8 கேபி பிளாக்குகளாக, 160 பிட் ஷா-1இல். தற்செயலாக மோதும் வாய்ப்பு 1க்குப் பின் 20 பூஜ்யம் போட்ட எண்ணில் ஒரு பங்குக்கும் குறைவு. ஷா-256இல் எங்கள் 2,38,000 கோப்புக்கு இதைக் கணக்குப் போடுவதே நேர விரயம். ரேமில் ஒரு பிட் புரண்டு கோப்பு கெடுவதற்கான வாய்ப்பு இதைவிட எத்தனையோ மடங்கு.

ஆனால் இந்த வாதத்தை எல்லாரும் அப்படியே ஏற்கவில்லை. 2003இல் வேல் ஹென்சன் எழுதிய கட்டுரையின் கேள்வி எனக்கு இன்னமும் நியாயமாகப் படுகிறது: ஹாஷ் வழிகள் வருஷக்கணக்கில் மட்டுமே தாக்குப்பிடிக்கும், சேமிப்பு அமைப்போ அதற்கும் மேலே இருக்க வேண்டும், அப்புறம்? தற்செயல் மோதல் வேறு, வேண்டுமென்றே செய்த மோதல் வேறு. அவர் சொன்னது நடந்தது. 2004இல் எம்டி5 விழுந்தது. 2017 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வகமும் கூகுளும் சேர்ந்து ஒரே ஷா-1 வருகிற இரண்டு பிடிஎஃப்களை வெளியிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த கதை. சஃபாரி பிரவுசருக்கு உள்ளே இருக்கும் வெப்கிட் திட்டத்தில் ஒருவர் அந்த இரண்டு பிடிஎஃப்களையும் சோதனைக்காக அவர்களுடைய சப்வெர்ஷன் (கிட் மாதிரியே கோடின் பதிப்புகளை வைக்கும் கருவி) களஞ்சியத்தில் சேர்த்தார். சப்வெர்ஷன் உள்ளே ஷா-1 வைத்துத்தான் ஒரே கோப்பைக் கண்டுபிடித்துச் சுருக்கும். இரண்டும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு களஞ்சியமே சிக்கி நின்றுவிட்டது. தாக்க வந்த எதிரி யாரும் இல்லை. பாதுகாப்பாக இருக்கிறோமா என்று பார்க்கப் போனவர் கதவை உடைத்தார்.

கிட் அதே பிடிஎஃப்களால் உடையவில்லை. கோப்புக்கு முன்னால் வகையும் நீளமும் எழுதிவிட்டுத்தான் கிட் ஹாஷ் போடும், அதனால் அந்த ஜோடி கிட்டில் மோதவில்லை. அது அதிர்ஷ்டம், கவசம் அல்ல. பிறகு அதே வருஷம் 2.13 பதிப்பில் இந்த மாதிரித் தாக்குதலைக் கண்டுபிடிக்கும் ஷா-1ஐச் சேர்த்தார்கள்.

15 ஏப்ரல் 2024

தமிழ்ப் புத்தாண்டுக்கு ஊருக்குப் போனவன் உட்கார்ந்து இதைத்தான் நோண்டினேன்.

ஸ்டுடியோவில் ஆல்பம் போடுகிற பையனிடம் பழைய மேக் இருக்கிறது. அவன் டிஸ்க்கில் இருந்த "கொடைரோடு கல்யாணம்" ஃபோல்டரும் மச்சான் டிஸ்க்கில் இருந்த "கொடைரோடு கல்யாணம்" ஃபோல்டரும் என் ஸ்கிரிப்டில் இரண்டாக வந்தன. எழுத்துப் பிழை இல்லை. கண்ணுக்கு ஒன்றுதான்.

காரணம் "கொ". யூனிகோடில் இதை இரண்டு விதமாக எழுதலாம். க போட்டு ஒகரக் குறியை ஒரே எழுத்தாகப் போடலாம், யுடிஎஃப்-8இல் (யூனிகோடை பைட்டுகளாக எழுதும் முறை) 6 பைட். அல்லது க, எகரக் கொம்பு, துணைக்கால் என்று மூன்றாகப் போடலாம், 9 பைட். யூனிகோட் விதிப்படி இரண்டும் சமம். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் முறைமை கோப்புப் பெயர்களைப் பிரித்துத்தான் எழுதும். விண்டோஸில் தட்டியது சேர்ந்தே இருக்கும். ஹாஷுக்கு யூனிகோட் விதியெல்லாம் தெரியாது. பைட் வேறு என்றால் எல்லாமே வேறு.

சேர்த்து எழுதும் வடிவத்துக்கு எல்லாப் பெயரையும் மாற்றிவிட்டு ஹாஷ் போட்டேன், சரியானது. அப்புறம் "கௌரி" வந்தாள். பாதி ஃபோல்டரில் ஔகாரக் குறியோடு "கௌரி", பாதியில் கொம்பும் ளகரமும் போட்டு "கெளரி". இவை யூனிகோடுக்கும் சமம் இல்லை, இரண்டாவது உண்மையிலேயே கெ-ள-ரி. இதை எந்த விதியும் தீர்க்காது, கண்ணால் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். எங்கள் பக்கம் எத்தனை கௌரி, கௌசல்யா, கௌதம் என்று இப்போதுதான் தெரிகிறது.

16 ஏப்ரல் 2024

நேற்றையதைப் படித்துவிட்டு ஒருவர், "பெயர்தான் முகவரியே இல்லையே, பெயர் எப்படி எழுதினால் உங்களுக்கு என்ன" என்று கேட்டார். சரியான அடி. போட்டோவின் ஹாஷ் மாறவில்லை. மாறியது ஃபோல்டரின் ஹாஷ். ஒரு ஃபோல்டர் என்பது "இந்தப் பெயர், இந்த ஹாஷ்" என்ற பட்டியல். அந்தப் பட்டியலுக்கே ஒரு ஹாஷ் போட்டால் அது ஃபோல்டரின் முகவரி. அதன் மேல் இன்னொரு பட்டியல், அதற்கு ஒரு ஹாஷ். இப்படியே மேலே போனால் கடைசியில் ஒரே ஒரு ஹாஷில் 11 டிபியும் அடங்கிவிடும். ரால்ஃப் மெர்க்கிள் 1979இல் காப்புரிமைக்கு எழுதிக்கொடுத்த மரம் இது. அந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறதே. அங்கேதான் "கொ" நுழைந்தது.

பெயரை வெளியே துரத்திவிட்டோம் என்று நினைத்தால் பின்வாசல் வழியாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

20 ஜூன் 2024

எழுத வெட்கமாக இருக்கிறது.

லேப்டாப் எஸ்எஸ்டி போய்விட்டது. கேட்லாக் அதில்தான் இருந்தது. எந்த ஹாஷ் எந்தக் கல்யாணம் என்று சொல்லும் அந்த ஒரே எஸ்க்யூலைட் கோப்பு. போட்டோக்கள் இரண்டு பெரிய டிஸ்க்கில் பத்திரமாக இருக்கின்றன. 2,38,000 கோப்பு, ஒவ்வொன்றுக்கும் 64 எழுத்துப் பெயர், ஒன்றுகூடக் கெடவில்லை, ஒன்றுகூட யாருடையது என்று தெரியவில்லை. பேக்கப் பற்றி இங்கே வகுப்பு எடுக்கிற நான், கேட்லாக்குக்குப் பேக்கப் எடுக்கவில்லை. அது கல்யாண போட்டோ இல்லையே, வெறும் பட்டியல்தானே என்று மூளையில் எங்கோ நினைப்பு.

பழைய 14 டிஸ்க்கில் மூன்றை மச்சான் வைகாசி முகூர்த்தங்களுக்காக ஃபார்மேட் செய்து புது கல்யாணங்களை ஏற்றிவிட்டார். நான்தான் "எல்லாம் உள்ளே வந்தாச்சு, அழிச்சுக்கலாம்" என்று சொன்னேன்.

27 ஜூன் 2024

மிச்சமிருந்த 11 டிஸ்க்கை மறுபடி படித்து ஹாஷ் போட்டு பெரும்பகுதியை மீட்டாயிற்று. உள்ளடக்க முகவரியின் நல்ல குணம் இது: மறுபடி கணக்குப்போட்டால் அதே எண் வரும், ஆகவே பழைய பட்டியலும் புதுப் பட்டியலும் தானாகப் பொருந்தும். வென்டிக்காரர்களும் இதை யோசித்து வைத்திருந்தார்கள். அவர்களுடைய ஹாஷ் அட்டவணை போனால் தரவை முதலிலிருந்து வாசித்தே அட்டவணையைத் திரும்பக் கட்டிவிடலாம். ஒவ்வொரு பிளாக்கோடும் அது என்ன வகை என்ற குறிப்பும் சேர்ந்தே எழுதப்பட்டிருக்கும். நான் எழுதவில்லை.

ஃபார்மேட் ஆன மூன்று டிஸ்க்கில் மட்டும் இருந்த சுமார் 31,000 போட்டோவை எப்படி அடையாளம் காண்பது? எக்ஸிஃபில் (கேமரா போட்டோவுக்குள்ளேயே எழுதிவைக்கும் குறிப்பு) தேதியும் நேரமும் இருக்கிறது, அதனால் நாள் வாரியாகக் குவிக்க முடிந்தது. ஆனால் முகூர்த்த நாளில் ஸ்டுடியோ மூன்று கல்யாணம் எடுக்கும்.

மாமனார் வந்து பார்த்துவிட்டு, "ஒவ்வொரு குவியல்லயும் முதல் போட்டோவைப் பாரு மாப்ள" என்றார்.

பத்திரிகை! எங்கள் ஸ்டுடியோவில் மண்டபத்துக்குப் போனதும் முதல் ஃபிரேம் கல்யாணப் பத்திரிகை. பெண், மாப்பிள்ளை, தேதி, மண்டபம், ஊர் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். ஃபிலிம் காலத்தில் ரோல் மாறிப்போகாமல் இருக்க அவர் வைத்த பழக்கம், இன்னும் நிற்கவில்லை. அட்டவணையை வெளியே வைக்காமல் ரோலுக்குள்ளேயே முதல் படமாக வைத்திருக்கிறார் மனுஷன். கேமரா சீரியல் எண்ணையும் நேரத்தையும் வைத்துப் பிரித்து, பத்திரிகைகளைப் பார்த்துப் பெயர் போட எனக்கும் ஆல்பம் பையனுக்கும் மூன்று ராத்திரி ஆனது.

28 ஜூன் 2024

இப்போது கேட்லாக் ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பு. அதுவும் மற்றக் கோப்புகளைப் போலவே ஹாஷ் போட்டு உள்ளே போகிறது, ஆக இரண்டு பெரிய டிஸ்க்கிலும் இருக்கும். அதன் ஹாஷை மட்டும் மாதாமாதம் கடை பில் மெஷினில் அடித்துக் கல்லாப்பெட்டி மூடியின் உட்பக்கம் ஒட்டுகிறோம். பிளான் 9 ஆட்கள் கடைசி ஸ்கோரை எங்காவது எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வார்கள், அதைப் பார்த்துத்தான். பில் பேப்பர் ஒரு வருஷத்தில் வெளுத்துவிடும் என்று மச்சான் சொல்கிறார். அதற்குள் பன்னிரண்டு புதுசு ஒட்டியிருப்போம்.

22 ஜூலை 2024

கொஞ்சம் விலகிப் போகிறேன். ஒரு வக்கீல் கடைக்கு வந்தார். ஏதோ சொத்து வழக்கு, ஒரு நிச்சயதார்த்த வீடியோவில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது முக்கியமாம். ஜூலை 1 முதல் சாட்சியச் சட்டம் மாறி பாரதிய சாக்ஷிய அதினியம் வந்துவிட்டதல்லவா. 63ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணத்தோடு தர வேண்டிய சான்றிதழ்ப் படிவத்தில் ஹாஷ் மதிப்பை எழுத வேண்டும், எந்த வழியில் போட்டது என்றும் டிக் அடிக்க வேண்டும்.

மச்சானுக்கு என்ன பெருமை! "அதெல்லாம் நாங்க பிப்ரவரியிலேயே போட்டுட்டோம் சார்" என்றிருக்கிறார்.

படிவத்தில் டிக் அடிக்கக் கொடுத்திருப்பவை ஷா-1, ஷா-256, எம்டி5, பிற. இருபது வருஷத்துக்கு முன்னால் விழுந்த எம்டி5ம் இருக்கிறது. ஒன்றுபோல் ஹாஷ் வருகிற இரண்டு கோப்பைத் தயார் செய்து வைத்துக்கொண்டு நாளைக்கு ஒருவன் வந்தால் என்ன செய்வார்கள்? ஷா-256இல் டிக் அடித்தோம்.

இன்னொன்றையும் வக்கீலிடம் சொன்னேன்: இந்த ஹாஷ், பிப்ரவரி 2024க்குப் பிறகு வீடியோ மாறவில்லை என்பதைத்தான் சொல்லும். அதற்கு முந்தைய வருஷங்களில் யாராவது தொட்டார்களா என்பது இதற்குத் தெரியாது. அவர் முகம் லேசாக வாடியது.

12 அக்டோபர் 2024

நேற்று ஆயுத பூஜை. டிஸ்க்குகளுக்கும் பொட்டு வைத்தாயிற்று.

போன வாரம் ஒரு பெண் கடைக்கு வந்தார். பிரிந்து சில வருஷம் ஆகிறது. கல்யாண போட்டோ எதுவும் இங்கே இருக்கக்கூடாது, அழித்துவிடுங்கள் என்றார். மச்சான் உடனே சரி என்றார். எனக்குத்தான் வேலை.

எங்கள் அமைப்பில் அழிப்பது என்றால் என்ன? அவர் ஃபோல்டரை எடுத்துவிட்டால் பட்டியல் போகும், போட்டோக்கள் போகாது. ஒரு போட்டோ எத்தனை பட்டியலில் இருக்கிறது என்று பார்த்து, ஒன்றிலும் இல்லாததை மட்டும் கூட்டித் தள்ள வேண்டும். அதே கல்யாணத்தின் போட்டோக்கள் மாப்பிள்ளை வீட்டார் தனியாகப் போட்ட ஆல்பத்திலும் இருக்கின்றன. ஒரே பொருள், இரண்டு பெயர். முன்பு போல் இரண்டு பிரதி இருந்திருந்தால் இவருடையதை அழித்துவிட்டு அவர்களுடையதைத் தொடாமல் விட்டிருக்கலாம், யாருக்கும் யோசனையே வந்திருக்காது. பிரதிகளை ஒன்றாக்கியதில் உரிமைகளும் ஒன்றாகிவிட்டன.

வென்டியில் அழிப்பதே கிடையாது என்று பிப்ரவரியில் மெச்சி எழுதினேன். அந்தப் பெண் எதிரே உட்கார்ந்திருந்தபோது அந்த மெச்சல் ஞாபகம் வந்தது.

அவர் தனியாகவும் அவர் வீட்டாருடனும் இருந்தவற்றை மொத்தமாக அழித்தோம். இருவரும் இருந்தவை மாப்பிள்ளை வீட்டார் பட்டியலில் இருப்பதால் நிற்கின்றன. அவரிடம் அதை ஒளிக்காமல் சொன்னோம். "எனக்குக் கண்ணுல படாம இருந்தா சரி" என்று எழுந்து போய்விட்டார். பழைய கேட்லாக்குகளில் ஹாஷ் மட்டும் இருக்கிறது. ஹாஷிலிருந்து முகம் வராது.

17 ஜனவரி 2025

பொங்கல் விடுமுறையில் மொத்தத்தையும் ஹாஷ் சரிபார்த்தேன். முதல் டிஸ்க்கில் இரண்டு கோப்பு பொருந்தவில்லை. இரண்டாவது டிஸ்க்கில் சரியாக இருந்தன, எடுத்துப் போட்டேன்.

இது முதலில் கேட்ட வாசகருக்கு. "கெட்டுப்போனால் உடனே தெரியும்" என்றீர்கள். உடனே தெரியாது, பார்த்தால் தெரியும். நான் ஏழு மாதம் பார்க்கவில்லை. தெரிந்த பிறகு சரிசெய்ய ஹாஷுக்கு வழி தெரியாது, இன்னொரு பிரதிதான் வேண்டும். அந்த இன்னொரு பிரதியைத்தான் "ஒரே கோப்பு இரண்டு தடவை சேராது" என்று ஒழித்துக்கட்டுகிறோம்! பழைய 14 டிஸ்க்கில் மூன்று இடத்தில் கிடந்த போட்டோ, யாரும் திட்டமிடாமலே மூன்று தடவை பிழைத்திருந்தது. இப்போது நான் திட்டமிட்டு இரண்டு வைத்திருக்கிறேன். மூன்றாவது ஒன்றை மாமனார் வீட்டு பீரோவில் வைக்கப்போகிறேன். மூணாவது பீரோ இல்லை, ஒரே பீரோதான்.

26 ஜனவரி 2025

அந்த 412 வெற்று டப்பா ஞாபகம் இருக்கிறதா. "அழகு" என்று எழுதியிருந்தேன்.

என் முதல் ஸ்கிரிப்ட் ஒரு ஹாஷுக்கு ஒரு பெயரைத்தான் வைத்துக்கொண்டது, புதுசு வந்தால் பழைய பெயரின் மேலேயே எழுதும், எண்ணிக்கையை மட்டும் கூட்டும். 412 கோப்பும் ஒரே ஹாஷ் என்பதால் 411 பெயர் போனது. உள்ளே ஒன்றுமில்லாத கோப்பின் பெயர் போனால் என்ன என்று தோன்றலாம். அந்தக் கோப்பிடம் இருந்ததே பெயர் மட்டும்தான். எந்தக் கல்யாணத்தில் எந்த ஃபிரேம் காப்பி ஆகாமல் போனது என்று அந்தப் பெயர்தான் சொல்லும்.

ஜூனில் கேட்லாக் போனதால்தான் 11 டிஸ்க்கை மறுபடி படித்தேன், புது ஸ்கிரிப்ட் எல்லாப் பெயரையும் வைத்துக்கொண்டது, 371 பெயர் திரும்பக் கிடைத்தது. மீதி 41 அந்த மூன்று டிஸ்க்கோடு போனவை, யார் வீட்டு விசேஷம் என்றே இனித் தெரியாது. 371ஐ மற்ற டிஸ்க்கில் அதே பெயரில் தேடினோம். கேமரா எண் 9999க்குப் பிறகு மறுபடி 0001க்கு வந்துவிடும், ஆகவே பெயர் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, பக்கத்து ஃபிரேம்களையும் பார்த்தோம். 356க்கு நல்ல பிரதி வேறு டிஸ்க்கில் இருந்தது. 15 இல்லை.

பதினைந்தும் ஒரே கல்யாணம், 2011. தாலி கட்டுவதற்குச் சற்று முன்னால் ஆரம்பித்து அட்சதை வரைக்கும். மச்சான் தயங்கித் தயங்கி அந்த வீட்டுக்கு போன் போட்டார். அவர்களுக்கு இது தெரியவே தெரியாது, ஆல்பத்தில் எல்லாம் நன்றாக இருக்கிறதே என்றார்கள். ஆல்பம் போட்டபோது நேரே கார்டிலிருந்து எடுத்திருக்கிறார்கள் போல. ஞாயிற்றுக்கிழமை போய் ஆல்பத்தை வாங்கி வந்து நாலு பக்கத்தை ஸ்கேன் செய்தோம். பதினைந்தில் ஒன்பது ஃபிரேம் அதில் இருக்கிறது, ஓரத்தில் பூ டிசைனோடு. உள்ளே சேர்த்தாயிற்று. ஹாஷ் வேறு, பெயர் பழையதே.